கோடிங் கத்துக்கிறது வேலை தேடுறதுக்கு மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் நிலக்கோட்டை பூ மார்க்கெட்ல ஒரு கமிஷன் கடையில 22 வருஷமா கணக்கு எழுதுறேன். உங்க பேப்பரோட பழைய வாசகர். காலையில பூ வரத்து கொஞ்சம் ஓஞ்சதும் டீக்கடை பெஞ்சுல உக்காந்து முதல்ல எடுக்குறது உங்க பேப்பரைத்தான். கல்விப் பக்கத்துல கம்ப்யூட்டர் பத்தி எது வந்தாலும் ஒரு வரி விடாம படிச்சிருவேன், ஆனா ரொம்ப நாளா ஒண்ணு மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு, அதை எழுதிரலாம்னுதான் இந்த லெட்டர்.

கோடிங்னு வந்தாலே இந்த கோர்ஸ் படிச்சா இன்ன வேலை, அந்த மொழி படிச்சா இவ்வளவு சம்பளம், இன்டர்வியூல என்ன கேப்பாங்க, இப்படித்தான் வருது. படிச்சிட்டு வேலை தேடுற பிள்ளைகளுக்கு அது வேணும், அதுல எனக்கு குறை இல்ல. ஆனா ஏற்கனவே ஒரு தொழில்ல இருக்கிற ஆளு, அந்தத் தொழிலை இன்னும் ஒழுங்கா பண்றதுக்காகவே ஒரு சின்ன புரோகிராம் எழுதக் கத்துக்கலாம்னு யாருமே சொல்ல மாட்டேங்கிறீங்க. தையல் கத்துக்கிற பொம்பளைங்க எல்லாரும் திருப்பூர் கம்பெனிக்கா போறாங்க, வீட்டுக்கு ரெண்டு ஜாக்கெட் தைக்கிறதுக்கும்தானே கத்துக்கிறாங்க. கோடிங்கும் அப்படி ஒரு கைத்தொழில்தான்ங்கிறதை எனக்கு யாரும் சொல்லல, நானா கண்டுபிடிக்க 43 வயசு ஆயிருச்சு.

எப்படி ஆரம்பிச்சேன்னு கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா என்னை மாதிரி ஆளுங்க உங்க வாசகர்ல நெறைய பேர் இருப்பாங்க.

எங்க கடைக்கு விடியக்காலையில இருந்தே விவசாயிங்க மல்லி, பிச்சி, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி, அரளினு கொண்டு வந்து போடுவாங்க. எடை போட்டு, ஆள் பேரு எழுதி, அன்னைக்கு என்ன விலைக்குப் போகுதோ அதைப் போட்டு, எங்க கடையில நூத்துக்கு பத்து கமிஷன் கழிச்சு, முன்பணம் வாங்கியிருந்தா அதுல கொஞ்சம் பிடிச்சு, வாரத்துக்கு ஒரு தடவை பட்டுவாடா. மல்லி விலை ஒரே காலையில ரெண்டு மூணு தடவை மாறும், பனிக்காலத்துல வரத்து குறைஞ்சு எகிறிப் போகும், வெயில் காலத்துல பூ கொட்டும் விலை இருக்காது. இவ்வளவையும் கையால சிட்டை எழுதி, சிட்டையில இருந்து பேரேட்டுக்கு ஏத்தி, வாரக் கடைசியில கூட்டிப் போடணும். எடை போடுற இடத்துல ஒரே நேரத்துல பத்துப் பேரு நின்னு சத்தம் போடுவாங்க, அந்த சத்தத்துலதான் எழுதணும்.

2022 ஐப்பசியில ஒரு நாள் ஒரு வயசான அம்மா 3 கிலோ 450 கிராம் மல்லி போட்டாங்க, கிலோ 640 ரூபாய்க்குப் போச்சு. நான் அவசரத்துல 3.450னு எழுதுறதுக்கு பதிலா 3.045னு எழுதிட்டேன். வித்தியாசம் 405 கிராம், கமிஷனுக்கு முன்னாடி கணக்குப் பாத்தா 259 ரூபா 20 காசு. அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா எடை மட்டும் மனசுல இருக்கும், பணம் வாங்கிட்டுப் போனவங்க ரெண்டு நாள் கழிச்சு வந்து "தம்பி, அன்னைக்கு மூணரைக்கு அம்பது கிராம்தானப்பா கொறைச்சல், காசு பத்தலயே"னு மெதுவா கேட்டாங்க. சண்டை போடல. பாத்து எடுத்துக் குடுத்துட்டேன். ஆனா கேக்காமப் போனவங்க எத்தனை பேரோனு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மொட்டா குனிஞ்சு பறிச்ச பூ அது, அந்தக் காசுல என் பேனா கை வைக்கக் கூடாதுல்ல.

அப்பதான் கம்ப்யூட்டர்ல இதைப் போடலாம்னு தோணுச்சு. பக்கத்து டவுன்ல ஒரு டிரெயினிங் சென்டர்ல போய் விசாரிச்சேன். என்ன டிகிரினு கேட்டாங்க, பிளஸ் டூ காமர்ஸ், தமிழ் மீடியம்னு சொன்னேன். இந்த வயசுல பிளேஸ்மென்ட் கஷ்டம் சார்னு சொன்னாங்க. எனக்கு பிளேஸ்மென்ட் வேணாம்மா, என் கடைக் கணக்கை நானே போட்டுக்கணும்னு சொன்னா அந்தப் பொண்ணுக்கு நான் என்ன கேக்குறேன்னே புரியல. அதுக்கு ஒரு கோர்ஸ் அங்க இல்ல. அந்தப் பொண்ணு மேல எனக்கு வருத்தம் இல்ல, கோடிங்னா வேலைனு மட்டும்தான் அவங்களுக்கும் யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க.

வழி கிடைச்சது வீட்டுக்குள்ளயே. எங்க அக்கா மக பிளஸ் டூ படிச்சப்ப கவர்மென்ட்ல குடுத்த விலையில்லா லேப்டாப் பரண்ல கெடந்துச்சு, விண்டோஸ் தவழ்ந்து தவழ்ந்து வரும்னு தூக்கிப் போட்டிருந்தாங்க. அவதான் "மாமா, லினக்ஸ் போட்டா இது ஓடும்"னு சொல்லி, விண்டோஸுக்குப் பதிலா போடுற இலவச சிஸ்டமான லினக்ஸ்ல லேசான ஒண்ணை ஏத்திக் குடுத்தா. புரோகிராம் எழுதுற மொழியான பைத்தான் அதுல முன்கூட்டியே இருக்கும், தனியா எதுவும் வாங்க வேண்டியதில்ல. பேட்டரி மட்டும் செத்துப்போச்சு, கரண்ட்ல மாட்டித்தான் ஓட்டணும். இன்னைக்கு வரைக்கும் அதுதான் என் மெஷின்.

அப்புறம் புத்தகம். இதை உங்க வாசகர்களுக்கு கட்டாயம் சொல்லணும். நம்ம தமிழ்நாட்டு பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் பாடப்புத்தகம் தமிழ் மீடியத்துல இருக்கு, அதுல பைத்தான்தான் பாடம், பிடிஎஃப் காசில்லாம இறக்கிக்கலாம். அதுக்கு முந்தின பதினொண்ணாம் வகுப்புல சி பிளஸ் பிளஸ், அது எனக்குத் தேவைப்படல. பன்னிரண்டாம் வகுப்பு புத்தகத்தை முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சா என்னை மாதிரி ஆளு மூணாவது நாளே மூடி வச்சிருவான், ஏன்னா முதல் நாலு பாடம் செயற்கூறு, தரவு அருவமாக்கம்னு முழுக்க கொள்கை. நானும் அப்படித்தான் ஒரு மாசம் மூடி வச்சிருந்தேன். அப்புறம் அக்கா மக சொன்னா, அஞ்சாவது பாடத்துல இருந்து படிங்க மாமா, பைத்தான் அங்கதான் ஆரம்பிக்குதுனு. அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, அப்புறம் நேரா பதிமூணாவது பாடம் சிஎஸ்வி ஃபைல் (கமா போட்டுப் பிரிச்சு வரி வரியா விவரத்தை வைக்கிற ஃபைல்), இந்த ஆறு பாடம் போதும் ஒரு கடைக் கணக்கு எழுதுறதுக்கு. கொள்கைப் பாடத்தை நான் ஒரு வருஷம் கழிச்சு படிச்சேன், அப்ப ஒவ்வொண்ணும் புரிஞ்சுச்சு, ஏன்னா அதுக்குள்ள நான் அதையெல்லாம் கையால செஞ்சு பாத்திருந்தேன்.

இங்கிலீஷ் தெரியாதேனு பயந்தவன்தான் நானும். ஆனா பைத்தான்ல அதுக்குன்னே ஒதுக்கி வச்ச வார்த்தை மொத்தமே 35தான், அதுல நான் பயன்படுத்துறது 12, 13 இருக்கும். இஃப், எல்ஸ், ஃபார், வைல், இன், டெஃப், ரிட்டர்ன், இந்த மாதிரிதான். இது போக பிரிண்ட், இன்புட் மாதிரி கொஞ்சம். மத்த பேரெல்லாம் நாம வைக்கிறது, பைத்தான் மூணாவது பதிப்புல இருந்து அதை தமிழ்லயே வைக்கலாம். என் புரோகிராம்ல இன்னைக்கும் விலை = 640 னுதான் இருக்கு, எடை, கமிஷன், முன்பணம், பிடித்தம் எல்லாமே தமிழ் எழுத்துலதான். கம்பெனியில இப்படி எழுதுனா ஒத்துக்க மாட்டாங்கனு அக்கா மக சொன்னா, கம்பெனிக்கு நான் எழுதலயே, எங்க கடைக்கு நாளைக்கு கணக்கு எழுத வர்றவன் தமிழ்ல படிச்சவனாத்தான் இருப்பான், அவனுக்குப் புரியணும்.

பாடப்புத்தகத்துல இருக்கிற தமிழ்ச் சொல்லெல்லாம் யாருக்கும் புரியாதுனு ஒரு பேச்சு இருக்கு. எனக்கு அப்படித் தோணல. ஸ்ட்ரிங்னு சொல்றதை அதுல சரம்னு போட்டிருக்காங்க. பூ மார்க்கெட்ல இருக்கிறவனுக்கு இதை விட ஒரு நல்ல சொல் கெடைக்குமா? நார்ல பூவை ஒண்ணொண்ணா கோக்குற மாதிரி எழுத்தை ஒண்ணொண்ணா கோத்து வச்சிருக்கு, முதல் பூவுக்கு நம்பர் 0, அடுத்ததுக்கு 1, எங்க வேணா பிரிச்சு எடுத்துக்கலாம். படிச்ச அன்னைக்கே புரிஞ்சுச்சு. ஆனா ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப செய்ய வைக்கிற லூப்புக்கு மடக்குனு இருக்கு, அது எனக்கு ஒட்டல, லூப்புனே சொல்லிக்கிறேன். எது நாக்குல வருதோ அதைச் சொல்லிப் படிக்கலாம், தப்பில்ல.

நான் எழுதுன முதல் உருப்படியான புரோகிராம் ரெண்டு எடையைக் கூட்டுறது. 4 கிலோ, 3 கிலோனு அடிச்சேன், விடை 43னு வந்துச்சு. ஒரு மணி நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். இன்புட்ல நாம எதை அடிச்சாலும் பைத்தான் அதை எண்ணா எடுத்துக்காது, சரமாத்தான் எடுத்துக்கும், ரெண்டு சரத்தைக் கூட்டுனா முடிச்சுப் போட்டு ஒட்டிரும், அதனால 4-ம் 3-ம் ஒட்டி 43. இன்ட் (int)னு போட்டு அதை எண்ணா மாத்திட்டுத்தான் கூட்டணும். இதை வீடியோவுல ரெண்டு தடவை கேட்டிருக்கேன், மண்டையில நிக்கல. 43னு கண்ணு முன்னாடி வந்து நின்ன அன்னைக்கு நின்னுச்சு. அன்னையில இருந்து வெறுமனே வீடியோ பாக்குறதை விட்டுட்டேன், பத்து நிமிஷம் பாத்தா அரை மணி நேரம் கையால அடிச்சுப் பாக்குறதுனு வச்சுக்கிட்டேன்.

எரர் பத்தி தனியா சொல்லணும். செவப்பா ஏழெட்டு வரி வந்ததும் கை நடுங்கும், ஏதோ மெஷினையே கெடுத்துட்டோம்னு தோணும். அப்படி எதுவும் கெடாது. கடைசி வரியைத்தான் முதல்ல படிக்கணும், என்ன தப்புங்கிறது அதுல இருக்கும், அதுக்கு மேல எத்தனாவது லைன்னு இருக்கும். நேம் எரர்னா அந்தப் பேர்ல எதுவும் இல்ல, எழுத்து மாத்தி அடிச்சிருப்போம். டைப் எரர்னா எண்ணையும் சரத்தையும் கலந்திருப்போம். இன்டென்டேஷன் எரர்னா வரி ஆரம்பத்துல விட்ட இடைவெளி மேல கீழ ஒத்துப்போகல. இந்த மூணும், எழுதுற முறையே தப்புனு சொல்ற சின்டாக்ஸ் எரரும் சேந்தா முதல் ஆறு மாசத்துல வர்ற தப்புல பாதிக்கு மேல முடிஞ்சிரும். ஒரு நோட்டுல தேதி போட்டு எரரையும் காரணத்தையும் எழுதி வச்சேன், நாள்வழி எழுதுற கைதானே. அதே எரர் திரும்ப வந்தா நோட்டைப் பொரட்டிப் பாப்பேன். வாங்குன புத்தகம் எதையும் விட அந்த நோட்டுதான் எனக்கு சொல்லிக் குடுத்துச்சு.

சில எரர்ல காரணம் வேற எங்கயோ இருக்கும். அடைப்புக்குறி மூடாம விட்டா பழைய பைத்தான் அடுத்த வரியைக் காட்டும், அந்த வரியில ஒரு தப்பும் இருக்காது, நாம அதையே பாத்துக்கிட்டு இருப்போம். 3.10 பதிப்புல இருந்து இந்த அடைப்புக்குறி மூடவே இல்லனு நேராவே சொல்லுது, அதனால முடிஞ்ச வரைக்கும் புதுசா போட்டுக்கங்க. இன்னொண்ணு, அக்கா மக வாட்ஸப்ல அனுப்புன கோடை அப்படியே எடுத்து ஒட்டுனேன், சின்டாக்ஸ் எரர். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாத்தா எல்லாம் சரி. கடைசியில பாத்தா மேற்கோள் குறி வளைஞ்சிருக்கு. எங்கயோ வழியில நேர் குறி வளைஞ்ச குறியா மாறியிருக்கு, பைத்தானுக்கு நேர் குறிதான் வேணும். கண்ணுக்கு ஒண்ணா தெரியிற ரெண்டு குறிக்காக ஒரு மத்தியானம் போச்சு. தனியா கத்துக்கிறவனுக்கு பக்கத்துல கேக்க ஆள் இல்லங்கிறது இந்த மாதிரி இடத்துலதான் வலிக்கும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். பைத்தான்ல 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்க, 0.3 வராது, 0.30000000000000004னு வரும். முதல்ல பாத்தப்ப இந்த மெஷினை நம்பி எப்படிடா காசுக் கணக்கு போடுறதுனு பயந்துட்டேன். காரணம் என்னன்னா கம்ப்யூட்டர் எண்ணை ரெண்டின் அடுக்காத்தான் வச்சிருக்கும். ஒண்ணை மூணால வகுத்தா நமக்கு 0.3333னு முடியாம போகுதுல்ல, அது மாதிரி அதுக்கு பத்துல ஒண்ணு முடியாம போகும், ஒரு இடத்துல வெட்டிரும். தனியாப் பாத்தா ஒண்ணுமில்லாத வித்தியாசம், ஆனா காசுக் கணக்குல அதை விடக் கூடாது. வழி ரொம்ப சுளுவு, எடையை கிராம்ல வை, பணத்தை பைசாவுல வை, எல்லாமே முழு எண். 3450 கிராம், கிலோ 640, அப்ப 2208 ரூபா. கமிஷன் 220 ரூபா 80 காசு, கைக்கு 1987 ரூபா 20 காசு. இந்தக் கணக்குல புள்ளியே எங்கயும் வராது.

அதோட எடையை வாங்குற இடத்துல கிலோ எவ்வளவுனு தனியாவும் கிராம் எவ்வளவுனு தனியாவும் கேக்குற மாதிரி எழுதுனேன், கிராம் 999-ஐத் தாண்டுனா திரும்பக் கேக்கும். 3.045-ங்கிற மாதிரி தப்பு இப்ப அதுல சுளுவா வராது, ஏன்னா புள்ளி வைக்கவே இடம் இல்ல. புரோகிராம்னா வேகமா கூட்டுறதுதான்னு நெனச்சிருந்தேன். என் கை எங்க வழுக்குதோ அந்த இடத்துல ஒரு கைப்பிடி வைக்கிறதும் அதுதான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. இதை வெளியில இருந்து ஒரு சாஃப்ட்வேர்காரர் வந்து செஞ்சிருக்க முடியுமா? எங்க வழுக்கும்னு அவருக்குத் தெரியாது. எடை மேடைகிட்ட நிக்கிறவனுக்குத்தான் தெரியும்.

இன்னொரு உதாரணம். பட்டுவாடா பண்ணும்போது எங்க கடை வழக்கம், அம்பது காசும் அதுக்கு மேலயும் இருந்தா அடுத்த ரூபாய்க்கு ஏத்திக் குடுத்துரணும், விவசாயி பக்கம்தான் போகணும். பைத்தான்ல ரவுண்ட்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டேன். 1987.50-ஐ 1988 ஆக்குச்சு, சரி. 1986.50-ஐ 1986 ஆக்குச்சு! பிழை இல்ல, அது அப்படித்தான், சரிபாதியா இருந்தா பக்கத்துல இருக்கிற இரட்டை எண்ணுக்குப் போகும்ங்கிறது அதோட விதி, அதுக்கு ஒரு நியாயமும் இருக்கு. ஆனா எங்க மண்டி விதி அது இல்ல. பைசாவுல 50-ஐக் கூட்டி 100-ஆல வகுத்து மிச்சத்தை விட்டுருனு நானே எழுதிக்கிட்டேன். இப்ப ஏஐ கிட்ட கேட்டா புரோகிராமே எழுதிக் குடுத்துருமே, நீங்க எதுக்கு மெனக்கெடுறீங்கனு கடையில எல்லாரும் கேக்குறாங்க. நானும் கேட்டுப் பாத்தேன், எழுதிக் குடுத்துச்சு, நல்லாவே இருந்துச்சு, ஆனா அதுலயும் இதே ரவுண்ட்தான் இருந்துச்சு. நான் படிக்காதவனா இருந்திருந்தா அதை அப்படியே ஓட்டி, சரியா அம்பது காசுல முடியிற சிலருக்கு ஒரு ரூபா, மாசக்கணக்குல கொறைச்சுக் குடுத்திருப்பேன், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அதனால எரருக்கு என்ன அர்த்தம்னு தமிழ்ல விளக்கச் சொல்லி ஏஐ கிட்ட கேப்பேன், அதுக்கு அது நல்ல துணை. எழுதுறதை நான்தான் எழுதுவேன், அது எழுதுனாலும் ஒவ்வொரு வரியும் எனக்குப் புரிஞ்சாத்தான் கடைக்குள்ள விடுவேன்.

தப்பும் பண்ணேன், மறைக்கக் கூடாது. ஒவ்வொருத்தர் கணக்கையும் அவங்க பேர்ல டிக்ஷனரியில வச்சேன், அதாவது ஒரு பேருக்கு நேரா ஒரு கணக்குனு பைத்தான்ல வைக்கிற முறை. எங்க சுத்துப்பட்டுல பாண்டியம்மாங்கிற பேர்ல எத்தனை பேரு, முருகேசன்னு எத்தனை பேரு! ரெண்டாவது பாண்டியம்மாவை ஏத்துனதும் முதல் பாண்டியம்மா கணக்கு அழிஞ்சு அந்த இடத்துல இவங்க கணக்கு உக்காந்துருச்சு, ஒரு எரரும் வரல. அதுதான் ரொம்ப ஆபத்து, எரர் வந்தா நாம முழிச்சுக்குவோம், வராம தப்பாப் போறதுதான் கொல்லும். இப்ப ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர். அதே மாதிரி ஃபைலைத் திறக்கும்போது "w"னு போட்டா உள்ள இருந்ததை தொடச்சிட்டு புதுசா எழுதும், "a"னு போட்டாத்தான் கடைசியில சேக்கும். ஒரு வார வரவு அப்படிப் போச்சு. ரெண்டு தடவையும் என்னைக் காப்பாத்துனது காகிதப் பேரேடுதான், ஏன்னா மூணு மாசம் ரெண்டையும் சேத்தே எழுதிக்கிட்டு இருந்தேன். புதுசா கத்துக்கிறவங்க யாரா இருந்தாலும் காசு சம்பந்தப்பட்ட எதையும் காகிதத்தோட சேத்து ஓட்டிப் பாக்காம நம்பாதீங்க, தெனமும் ஒரு பென் டிரைவ்ல நகல் எடுத்துருங்க.

தமிழ்ல செய்யிறவங்களுக்குனு ஒரு சிக்கல் இருக்கு, அதை தமிழ்ப் பேப்பர்தான் சொல்லணும். மல்லிங்கிறதுல எத்தனை எழுத்துனு குழந்தையைக் கேட்டா மூணுனு சொல்லும். பைத்தானைக் கேட்டா 5னு சொல்லும். கனகாம்பரம் நமக்கு ஏழு, அதுக்கு 10. ஏன்னா கம்ப்யூட்டர்ல எழுத்தை வைக்கிற முறையான யூனிகோட்ல புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி குறியீடா இருக்கு, பைத்தான் அதைத்தான் எண்ணுது. சிட்டை அடிச்சா பத்தி பத்தியா நேரா நிக்காம கோணலா வர்றதுக்கு ஒரு காரணம் இதுதான். ஓப்பன் தமிழ்னு ஒரு லைப்ரரி (நம்ம புரோகிராம்ல சேத்துக்கிற ரெடிமேட் கோடு) இருக்கு, இலவசம், அது நம்ம எழுத்தை நம்ம எழுத்தா எண்ணித் தரும். இன்னொண்ணு, சிஎஸ்வி ஃபைலை எக்ஸெல்ல திறந்தா தமிழ் எல்லாம் கிறுக்கலா வரும், ஃபைலை எழுதும்போது யூடிஎஃப்-8-சிக்னு போட்டா சரியா வரும். இதை நான் கண்டுபிடிக்க மூணு வாரம் ஆச்சு. இப்படி ஒரு வரி எங்கயாவது தமிழ்ல அச்சாகியிருந்தா எத்தனை பேருக்கு மூணு வாரம் மிச்சம்.

தமிழ்ல ஒண்ணுமே இல்லனு நான் சொல்ல வரல. ஐஐடி பாம்பேல இருந்து வர்ற ஸ்போக்கன் டுடோரியல்ல தமிழ்க் குரல்லயே சின்னச் சின்ன பாடமா இருக்கு, காசில்ல. கணியம்னு ஒரு இணைய இதழ்ல 2012-ல இருந்து கட்டற்ற மென்பொருள் பத்தி தமிழ்ல எழுதிக்கிட்டு இருக்காங்க. எழில்னு தமிழ்லயே ஒரு புரோகிராமிங் மொழி கூட செஞ்சிருக்காங்க. எஸ்டோனியா நாட்டு டார்ட்டு பல்கலைக்கழகத்துல இருந்து வந்த தான்னிங்கிற மென்பொருள் புதுசா படிக்கிறவங்களுக்குன்னே செஞ்சது, ஒவ்வொரு படியா ஓட்டி எந்தப் பெட்டியில என்ன மதிப்பு இருக்குனு காட்டும், பழைய லேப்டாப்லயும் ஓடும். லேப்டாப்பே இல்லாதவங்க ஆண்ட்ராய்டு போன்ல பைட்ராய்டு போட்டு ஆரம்பிக்கலாம், விரல் வலிக்கும், ஆனா ஆரம்பிக்கலாம். இதெல்லாம் இருக்குங்கிறதே வெளியில தெரியாம இருக்கு, எனக்கே ஒவ்வொண்ணா தெரிய ஒண்ணரை வருஷம் ஆச்சு.

படிச்சதுல எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம், கிரேஸ் ஹாப்பர்னு அமெரிக்க கடற்படையில இருந்த அம்மா. குறியீடும் எண்ணும் மட்டும்தான் கம்ப்யூட்டருக்குப் புரியும்னு எல்லாரும் சொல்லிக்கிட்டு இருந்த காலத்துல, வியாபாரக் கணக்கு பாக்குறவங்க வார்த்தையில எழுதி வேலை வாங்கணும்னு பிடிவாதமா நின்னு ஃப்ளோ-மேடிக்னு ஒண்ணு செஞ்சாங்க, அதை அடிப்படையா வச்சு 1959-ல கோபால் (COBOL)ங்கிற கம்ப்யூட்டர் மொழிக்கான வேலை ஆரம்பிச்சுச்சு, அந்தப் பேர்லயே வணிகத்துக்கான மொழிங்கிற அர்த்தம் இருக்கு. அறுபது வருஷத்துக்கு முன்னாடியே கணக்கு எழுதுறவனை மனசுல வச்சு ஒரு மொழி செஞ்சிருக்காங்க. அப்ப நம்ம ஊர்ல மட்டும் ஏன் இது இன்ஜினியரிங் படிச்ச பிள்ளைகளுக்குனு ஒதுக்கி வச்சிருக்கு?

உங்க கிட்ட கேக்குறது ரெண்டுதான். வாரத்துக்கு ஒரு நாள், அரைப் பத்தி போதும், வேலைவாய்ப்புப் பக்கத்துல வேணாம், வேற எங்கயாவது, ஒரு தொழில்ல வர்ற ஒரு சின்னக் கணக்கும் அதுக்கு பத்து வரி பைத்தானும் போடுங்க. பால் ஊத்துறவர் கணக்கு, மகளிர் குழு வட்டிக் கணக்கு, டிராக்டர் வாடகை, ஜவுளிக்கடை மீட்டர் கணக்கு, மாட்டுத் தீவனம். எரர் ஒண்ணு எடுத்து அதுக்கு என்ன அர்த்தம்னு விளக்குங்க. கோடு அச்சடிக்கும்போது மேற்கோள் குறி வளையாம பாத்துக்கங்க, வரி ஆரம்ப இடைவெளி கலையாம பாத்துக்கங்க, பேப்பர்ல அது கலைஞ்சா வாசகர் வீட்டுல புரோகிராம் ஓடாது. முதல் வாரத்துக்கு விஷயம் வேணும்னா எங்க பூ மண்டிச் சிட்டையை நான் எழுதித் தர்றேன்.

ரெண்டாவது, கிளை நூலகம் பத்தி உங்க பேப்பர் எழுதணும். மதுரையில 2023-ல கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தாங்க, ஒரு ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்தேன், கண்ணு நெறஞ்சுச்சு. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு மார்க்கெட் போற ஆளு தெனமும் பஸ் ஏறி மதுரை போக முடியாது. ஒவ்வொரு சின்ன ஊரு நூலகத்துலயும் பைத்தான் போட்ட ஒரு கம்ப்யூட்டர், மத்தியானம் மூணுல இருந்து ஆறு வரைக்கும் பெரியவங்களுக்குனு ஒதுக்கி, அந்த பன்னிரண்டாம் வகுப்பு புத்தகத்துல ரெண்டு பிரதி பக்கத்துல வச்சா போதும். பூ மார்க்கெட், காய்கறி மண்டி, பால் சொசைட்டி, எல்லாத்துலயும் வேலை பாக்குறவனுக்கு மத்தியானம்தான் கை ஓயும்.

நான் சொன்ன அந்த வயசான அம்மா இப்பவும் மல்லி கொண்டு வர்றாங்க. சிட்டை இப்ப பிரிண்ட்ல வருது, கிலோ தனி, கிராம் தனி, பெரிய எழுத்துல. போன மாசம் பேத்தியைக் கூட்டிட்டு வந்தாங்க, எட்டாவது படிக்குதாம், அந்தப் பிள்ளை சிட்டையை வாங்கி சத்தமா வாசிச்சுக் காட்டுச்சு, அப்புறம் என்னைப் பாத்து "மாமா, இதை நீங்களே எழுதுனீங்களா, எப்படி எழுதுனீங்க"னு கேட்டுச்சு. சனிக்கிழமை மத்தியானம் வானு சொல்லியிருக்கேன், அஞ்சாவது பாடத்துல இருந்து ஆரம்பிக்கிறோம்.

இப்படிக்கு,
கணக்கு எழுதும் வாசகர்,
பூ மார்க்கெட், நிலக்கோட்டை.